குணசீலன் பதித்த குழாய்

ஏரியை ஒட்டிக் கட்டிய புது வீடு. தரைக்கு அடியில் இருந்த அறையில் முழங்காலளவு ஊற்றுத் தண்ணீர். வீட்டுக்கார ஹமீதா டீச்சர் ஏனென்று கேட்டதும், காண்ட்ராக்டர் குணசீலன் சித்தாள் அஞ்சுகத்தின்மேல் பாய்ந்தார்.

“அஸ்திவாரத்தைச் சுத்தி ஜல்லி கொட்டி, துளை போட்ட குழாய் பதிச்சிருக்கேன் டீச்சர். அது அத்தனை தண்ணியையும் தெருவுக்குக் கொண்டுபோயிடும். இவ கலவை கலந்த லட்சணம், சுவர் ஒழுகுது! ஏய், சாயங்காலத்துக்குள்ள தரை காயணும். இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!”

அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டிய பள்ளத்தை மண்ணள்ளி மூடியவளே அஞ்சுகம்தான்; அதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இறைத்தாள். இறைக்க இறைக்க ஊறியது. பத்தாவது வாளியோடு மேலே வந்தாள்.

“இதைத் தெரு வரைக்கும் எதுக்கு சார் சுமக்கணும்? சுவரோரமே ஊத்துறேன். உங்க குழாய் கொண்டுபோயிடும்ல?”

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். குணசீலன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

“ஊத்து!” என்றார் குணசீலன்.

முப்பது வாளி ஊற்றினாள். தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த குழாய் வாயில் ஒரு சொட்டுகூட வரவில்லை. டீச்சர் அதைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. மொத்தமே இரண்டடி.

அஞ்சுகம் வாளியைக் குணசீலன் காலடியில் ணங்கென்று வைத்தாள்.

“மண்ணுக்குள்ள குழாய் இல்லைன்னா, இனி நீங்கதான் குழாய். இறங்குங்க சார்!”