தில்லைநாயகி வீட்டுக் குழாய்

கோணப்புளியம்பட்டி ஜனங்கள் ரொம்ப நல்லவர்கள். ஒரு சொல் தட்டமாட்டார்கள். சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊரில் தில்லைநாயகி என்று ஒரு அம்மாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. ஒரே பெண் வடிவு. பக்கத்து டவுனில் கட்டிக் கொடுத்திருந்தாள். வடிவு மூன்று மாசம் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதியோடு சம்பந்தியம்மாள் குஞ்சம்மாள் வந்தாள். சேதியைச் சொன்ன வாயாலேயே ஒரு கண்டிஷனும் போட்டாள்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான், அது முறை. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க வீட்டுல கிணறு புறக்கடையிலேயே இருக்கு. இங்க வந்தா எம் மருமக வாயும் வயிறுமா ஏரிக்கு நடந்து குடம் சுமக்கணுமா? வீட்டுக்குள்ள குழாய் இருந்தாத்தான் அனுப்புவேன். ஒன்பதாம் மாசம் முதல் புதன்கிழமை பதினோரு மணி பஸ்ஸுக்கு வருவேன். என் கையால குழாயைத் திறந்து பார்ப்பேன்."

தில்லைநாயகிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போய் நின்றாள். "அப்பனே, எம் பொண்ணு எம் மடியில வந்து பெத்துக்கணும். ஒரு குழாய் குடு. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

தெருவரைக்கும் பெரிய பைப் வந்திருந்தது. அதிலிருந்து வீட்டுக்குள் இழுக்கத்தான் ஆள் இல்லை. டவுனிலிருந்து ஒரு பிளம்பரைக் கூட்டிவந்தாள். அவர் வாசலில் ஒரு கோடு போட்டு, "இங்க தோண்டுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்று ஊர் ஆட்களிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் டீ குடிக்கப் போனார். டீக்கடையில் யாரோ பழைய சிநேகிதர். பேச்சு வளர்ந்துவிட்டது.

அவர் திரும்பி வரும்போது வாசலில் மனுஷர் யாரும் இல்லை. குழிக்குள்ளிருந்து மண் மட்டும் பறந்து வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்க்க வேகமாய் வந்தவர் ஸ்கூட்டரோடு உள்ளே போனார்.

"நல்லவேளை வந்தீங்க," என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். "நிறுத்தலாமா?"

அவரை மேலே தூக்கிவிட்டதும் கும்பிடு போட்டார். "இனிமே இந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன். உங்க ஆளுங்களையே தொழில் கத்துக்க அனுப்புங்க. டவுன்ல பிளம்பர் பள்ளிக்கூடம் இருக்கு, ஆறு மாசப் படிப்பு. இல்லேன்னா எங்க பிளம்பர் சங்கத்துல மேஸ்திரிகிட்ட அப்ரண்டிஸா சேருங்க. ரெண்டுல எது வேணாலும் செய்யுங்க, என்னை விட்டுடுங்க."

உடனே ஊர்க்கூட்டம் கூடிற்று. பிரசிடெண்ட் அழகிரிதான் தலைமை.

"பள்ளிக்கூடமா, சங்கமா? அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க."

"பள்ளிக்கூடம்தான் மேல்," என்றான் பூவராகன். "பெஞ்சு போட்டிருப்பான். உக்காந்து கத்துக்கலாம்."

"குழாய் வேலை குனிஞ்சு செய்யற வேலைடா," என்றான் மருதப்பன். "உக்காந்து கத்துக்கிட்டவன் எப்படிக் குனிவான்? சங்கத்துலதான் வேலை நடக்கற இடத்துலயே கத்துத் தருவான்."

"சங்கத்துல சர்டிபிகேட்டு உண்டா? பள்ளிக்கூடத்துல உண்டு."

"சர்டிபிகேட்டு வழியா தண்ணி வருமா?"

பூவராகன் கொஞ்சம் யோசித்தான். "சுருட்டிப் பிடிச்சா வரும்."

கூட்டம் அசந்துபோயிற்று. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கே போவதென்று முடிவாகிற சமயத்தில், அங்கே ஷூ போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஊரில் இருந்ததே ஒரு ஜோடி ஷூ. வரிசையாய் எல்லோரும் காலை விட்டுப் பார்த்தார்கள். பூவராகன் காலுக்குச் சேர்ந்தது. ஆக அவன் பள்ளிக்கூடத்துக்கு. கால் சேராத ஐந்து பேர், மருதப்பன் தலைமையில், சங்கத்துக்கு.

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே, "சுத்தமா வரணும், முகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார்களாம். பூவராகன் மீசையை எடுத்தான், புருவத்தையும் எடுத்தான். சங்கத்தில் முகத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததால் ஐந்து பேருடைய மீசையும் அப்படி அப்படியே இருந்தது.

ஆறு மாசம் ஓடிற்று. தில்லைநாயகி நாளுக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பூவராகன் சர்டிபிகேட்டோடு வந்து இறங்கினான்.

"அத்தை, கவலைப்படாதீங்க. கிளாஸுலயே நான்தான் முதல் மார்க்கு."

சும்மா சொல்லக்கூடாது, அவன் கை அப்படி ஒரு கை. திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தான். தெருவிலிருந்து சமையலறை வரைக்கும் பைப்பை அளந்து, வெட்டி, ஒன்றோடு ஒன்று திருகிச் சேர்த்து, கடைசியில் குழாயை மாட்டினான். திறந்ததும் தண்ணீர் கொட்டிற்று. தில்லைநாயகி அழுதேவிட்டாள். குழாய்க்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, முதல் சொம்பை எடுத்துப் பிள்ளையாருக்கென்று தனியாய் வைத்தாள்.

அந்த நேரத்தில் கோயிலில் உச்சிகால பூஜை மணி அடித்தது.

பூவராகன் எழுந்தான். குழாயைக் கழற்றினான். பைப்புகளைக் கழற்றினான். எல்லாவற்றையும் துணியால் துடைத்து வாசலில் வரிசையாய் அடுக்கினான்.

"சரியா இருக்கான்னு பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க அத்தை."

"அட பாவி! எதுக்குடா கழட்டினே?"

"பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா கழட்டி ஸ்டோர்ல ஒப்படைக்கணும். ஆறு மாசத்துல எத்தனையோ குழாய் மாட்டினேன். அத்தனையும் கழட்டிட்டேன். ஒண்ணைக்கூட விட்டு வச்சதில்ல. அதுக்குத்தானே முதல் மார்க்கு!"

பிரசிடெண்ட் வந்து பார்த்தார். நெடுநேரம் மோவாயைத் தடவினார். "தப்பு பூவராகன் மேல இல்ல. மணி மேலதான்," என்றார்.

செவ்வாய்க்கிழமை ஊரில் ஒரு மணி பாக்கியில்லை. மாட்டுக் கழுத்து மணி, சைக்கிள் மணி எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். கோயில் மணியின் நாக்கில் மட்டும் தில்லைநாயகி தன் பழைய புடவையைச் சுற்றிக் கட்டினாள்.

"அப்பனே, மன்னிச்சுக்கோ. ஊமையா பூஜை நடக்கவிடமாட்டேன். நேரத்துக்கு நானே வந்து நிக்கறேன்."

பூவராகன் மறுபடி மாட்டினான். மறுபடி தண்ணீர் வந்தது. உச்சிகால பூஜை நேரம் வந்ததும் தில்லைநாயகி கொடுத்த வாக்குப்படி கோயிலுக்கு ஓடினாள். கண்ணை மூடிக் கைகூப்பி நின்று, "டங்! டங்! டங்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் பைப்புகள் துடைத்து வாசலில் அடுக்கியிருந்தன.

"உங்க குரல் நல்ல கணீர்னு இருக்கு அத்தை," என்றான் பூவராகன். "கையெழுத்து?"

புதன்கிழமை விடிந்ததும் சங்கத்துக்குப் போன ஐவரும் வந்தார்கள். மேஸ்திரி சங்க மாநாட்டுக்குப் போய்விட்டாராம். தில்லைநாயகி ஓடிப்போய் மருதப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது கழட்டாத குழாயா ஒண்ணு மாட்டுப்பா!"

"நாங்க முதல் வருஷம் அத்தை. மாட்டறதெல்லாம் மூணாம் வருஷம். எங்களுக்குப் பிடிக்கத்தான் தெரியும். மேஸ்திரி பிடின்னா பிடிப்போம், விடுன்னா விடுவோம்."

"ஆறு மாசமா வெறுமனே பிடிச்சுக்கிட்டா இருந்தே?" என்று பூவராகன் சிரித்தான்.

"நீ ஆறு மாசமா கழட்டிக்கிட்டு இருந்தே. நாங்க பிடிச்சா பிடிச்சதுதான்டா. மேஸ்திரி ஒரு தடவை பிடின்னுட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டார். ரெண்டு நாள் பிடிச்சிருந்தோம்."

"புத்தகம் தெரியுமா உனக்கு?"

"பிடி தெரியுமா உனக்கு?"

இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்கிற நேரம். பிரசிடெண்ட் அழகிரி கையை உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"சண்டை எதுக்கு? பள்ளிக்கூடம் மாட்டட்டும். சங்கம் பிடிக்கட்டும்."

பூவராகன் மூன்றாம் முறை மாட்டினான். நான்கு துண்டு பைப், தெருப் பைப்போடு சேர்த்துத் திருகாணி போட்ட நான்கு இணைப்பு, கடைசியில் குழாய். "ஒவ்வொருத்தன் ஒவ்வொரு இடமா, பிடி!" என்றார் பிரசிடெண்ட். நான்கு பேர் தெருவிலிருந்து வரிசையாய் இணைப்புக்கு ஒருவராய் உட்கார்ந்து பைப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்தார்கள். மருதப்பன் சமையலறையில் குழாயைப் பிடித்தான்.

பதினோரு மணி பஸ்ஸும் வந்தது. குஞ்சம்மாளும் பக்தி உள்ளவள்தான். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். மணியின் நாக்கில் யாரோ பழந்துணி சுற்றியிருப்பதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துணியை அவிழ்த்தெறிந்தாள். இத்தனை நேரம் பிள்ளையாரைப் பட்டினி போட்டதுபோல் நினைத்து, விடாமல் பலமாய் அடித்தாள்.

தில்லைநாயகிக்கு உயிரே போயிற்று.

பூவராகன் எழுந்தான். திருகாணி எல்லாவற்றையும் கழற்றினான். ஆனால் பைப்பை இழுத்தால் வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, இரண்டு முனையையும் ஒட்டவைத்து இரும்பாய்ப் பிடித்திருந்தார்கள்.

"விடுங்கடா! ஒப்படைக்கணும்!"

"மேஸ்திரி சொல்லட்டும்."

ஒப்படைக்க முடியாத முதல் குழாய் அது. பூவராகன் திண்டாடிப்போய், இருந்த திருகாணிகளை மட்டும் துடைத்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து தேம்பினான்.

குஞ்சம்மாள் உள்ளே வந்தாள். வாசலில் ஒரு ஆள், கூடத்தில் இரண்டு ஆள், நடையில் ஒரு ஆள். எல்லோரும் பைப்பைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறார்கள். சமையலறையில் பெரிய மீசையோடு ஒருவன் குழாயை இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறான்.

"இவங்கள்லாம் யாரு?"

தில்லைநாயகி வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. "இதான் சம்பந்தியம்மா, குழாய்," என்றாள்.

குஞ்சம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டிற்று. ஒரு கை குடித்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து பக்கத்து நடையில் இருந்த ஆளுக்கு ஒரு தும்மல். பைப் வாய் கொஞ்சம் விலகி, அவள் தலையில் பூச்சாரலாய்த் தண்ணீர் விழுந்தது.

குஞ்சம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஊர்ல இந்த வசதி இல்லையே. வெயிலுக்கு எவ்வளவு இதமா இருக்கு! வெள்ளிக்கிழமை நல்ல நாள். வடிவைக் கொண்டுவந்து விடறேன்."

வெள்ளிக்கிழமை வடிவு வந்தாள். மேஸ்திரிதான் வரவில்லை. மாநாடு முடிந்து, அதைப் பற்றிப் பேச இன்னொரு மாநாடு போட்டுவிட்டார்களாம். 'விடு' என்று சொல்ல ஆளில்லை. ஐந்து பேரும் பிடித்த பிடி விடவில்லை. தில்லைநாயகி வேளா வேளைக்குச் சோற்றைப் பிசைந்து ஐந்து வாயிலும் ஊட்டினாள். வடிவு, "அம்மா, குழாய்க்கு ரசம் போதுமாம், மோர் ஊத்து" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். மாசம் முடிவதற்குள் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். ராத்திரி குழந்தை அழுதால் தெருவிலிருந்து சமையலறை வரைக்கும் ஐந்து குரலில் தாலாட்டு வரும். தில்லைநாயகி பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தாள்.

பேர் வைக்கிற அன்று குஞ்சம்மாள் வந்தாள். பேத்தியைக் கொஞ்சினாள். குழாய் ஊட்டச் சொல்லி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டதையும், குழந்தைக்கு ஆராரோ பாடியதையும் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு தில்லைநாயகியைத் தனியாய்க் கூப்பிட்டாள்.

"சம்பந்தி, மறைக்காம சொல்றேன். கிணத்துல இறைச்சு இறைச்சு எனக்குத் தோள் விட்டுப்போச்சு. எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். ஆனா எங்க வீட்டுல வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர் இருக்காங்க. மீசை இல்லாத குழாயா பார்த்து அனுப்புங்க."

தில்லைநாயகிக்கு இதில் அனுபவம் போதாது. பிரசிடெண்ட் அழகிரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் மருதப்பன் முகத்தைப் பார்த்தார். மூலையில் உட்கார்ந்திருந்த பூவராகனின் மழித்த முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் மோவாயைத் தடவினார்.

"அப்போ பள்ளிக்கூடத்துக்குத்தான் ஆர்டர் குடுக்கணும்," என்றார். "சங்கத்துக் குழாய்க்கெல்லாம் மீசை உண்டு."