சாரதாமணி முறுக்கிய பிரேக்

கோத்தகிரியில் சபீனாவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் வேன் ஓட்டப் போகிறவர் அதன் பின் பிரேக்கைத் தன் கையாலேயே கழற்றி மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி கிடைக்கும்.

சாரதாமணி சபீனாவைவிடப் பத்து வயது மூத்தவள். கீழே சமவெளியில் காய்கறி வண்டி ஓட்டியவள். மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். மலைப்பாதை அவளுக்குப் புதிது.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி இழுத்ததும், பிரேக்கை மூடியிருந்த டிரம் கையோடு வந்தது. உள்ளே இருந்த தூசியை ஊதக் குனிந்தாள்.

"ஊதாதீங்கக்கா, நெஞ்சுக்குள்ள போயிரும். ஈரத் துணியில தொடைங்க" என்றாள் சபீனா.

துடைத்தாள். புது பிரேக் ஷூக்களைப் பொருத்தி, டிரம்மை மூடினாள். ஓட்டை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு, பிரேக்கை இறுக்கும் பல்சக்கரத்தைத் திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருந்தாள். மறுபக்கமும் அப்படியே.

"போதுங்களா அக்கா?"

"பிள்ளைங்க வர்ற வண்டி, மாஸ்டர். கெட்டியா இருக்கட்டும்."

சக்கரங்களை மாட்டியதும் சபீனா சாவியை நீட்டினாள்.

"சரி, வாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

டீக்கடை மூன்று கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் இல்லாத சாலை. வண்டி முனகிக்கொண்டே போனது. இறங்கியபோது கருகல் வாடை அடித்தது. சபீனா விரலைத் தண்ணீரில் நனைத்து டிரம்மின் மேல் உதறினாள். சுர்ரென்றது.

"நான் வழியில பிரேக்கையே தொடலையே!"

"நீங்க தொடல. அது விடல. டீயைக் குடிங்க, ஆறட்டும்."

சாரதாமணி இரண்டு டீ குடித்தாள். ஒரு வடையும் தின்றாள்.

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி வைத்தார்கள். ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தினாள். சபீனா சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். அது லேசாக உரசி, தாராளமாகச் சுற்றியது. சாரதாமணி வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்தாள். அந்த நொடியே நின்றது. இன்னொரு பக்கமும் அதேபோல நின்றது.

அவள் முகம் மலர்ந்தது. ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"மாஸ்டர், ஒரே ஒரு பல் ஏத்திக்கட்டுமா?"

"யாருக்கு? வண்டிக்கா, உங்களுக்கா?"

சாரதாமணி சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தாள்.

"எனக்குத்தான்."

"நாளைக்கு என் பொண்ணும் உங்க வேன்லதான் வர்றா" என்றாள் சபீனா. "ஜாக்கியை இறக்குங்கக்கா."