பேர் சொல்லாத பிரசங்கம்

“இந்தச் சபையில ஒருத்தன் இருக்கான்! பாவத்தை மடியில கட்டிக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கான்!”

சபையின் போதகர் ஞானசிகாமணி ஐயர் பிரசங்க பீடத்தை ஓங்கித் தட்டினார். ஒருவரும் அசையவில்லை. ஓர் அம்மா விசிறியைக் கை மாற்றிக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து கோயில் காலியானது. முன் பெஞ்சில் நவமணி டீச்சர் மட்டும். ஐயரை முதன்முதலில் சந்தைக்குள் நிறுத்திப் பிரசங்கம் பண்ணப் பழக்கியவர்.

ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் பீடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

“அடுத்த ஞாயிறோட ஓய்வு, டீச்சர். ஆரம்பத்துல வாயைத் திறந்தா அழுதுக்கிட்டே முன்னால வருவாங்க. இப்ப கல்லு மாதிரி இருக்காங்க. இத்தனை வருஷத்துல நான் எங்க வளர்ந்தேன்? தொண்டை போனதுதான் மிச்சம்.”

“மேல ஏறும். அந்த முதல் வரியைத் திரும்பச் சொல்லும்.”

ஏறினார். “இந்தச் சபையில ஒருத்தன் இருக்கான்!”

டீச்சர் சட்டென்று கழுத்தைத் திருப்பிக் கடைசித் தூணைப் பார்த்தார்.

“அங்க யாரு இருக்கா?”

“அன்னைக்கு எல்லாரும் இப்படித்தானே திரும்பினோம்? கோயில்பிள்ளை அங்கதான் உட்கார்ந்திருந்தான்.”

ஐயருக்கு நினைவு வந்தது. சபையே கூடிச் சாப்பிடும் பண்டிகை அசனத்தில் கறி குறைந்துபோன வருஷம் அது. அன்றும் இதே வரியில் தொடங்கி, ‘அண்டா பக்கத்துல நின்ன திருடன்’ என்று மட்டும்தான் பிரசங்கித்தார். அண்டா பக்கத்தில் பரிமாற நின்றவர் கோயில்பிள்ளை. கறி போனது கமிட்டிக்காரர் வீட்டுக்கு என்று பின்னால் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் விட்டுவிட்டார். கோயில்பிள்ளை அப்புறம் படியேறவில்லை. ஆராதனைக்கு மணி அடித்ததும் வந்து வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். இன்றைக்கும் நின்றார்.

“நான் அவன் பேரைச் சொல்லலியே!”

“சொல்லியிருந்தா ‘நான் இல்லை’ன்னு எந்திரிச்சிருப்பான்.”

ஐயர் இறங்கி வந்தார். “சரி. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கேன்.”

“பத்தாது.”

“சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போறேன். முழங்கால்ல நிக்கேன். போதுமா?”

“மீன் கடையா இது, வே? பேரம் பேசுறீரு.”

ஐயருக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. “அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலயுமா? அது என் கடைசிப் பிரசங்கம், டீச்சர்! பிஷப் வர்றாரு. ஆயுசு முழுக்கச் சேர்த்த மரியாதையைப் போட்டு உடைக்கச் சொல்றீங்களா?”

டீச்சர் தடியை ஊன்றி எழுந்தார். பீடத்தைக் காட்டினார்.

“இந்தச் சபையில ஒருத்தன் இருக்கான், சிகாமணி. அவன் அங்க நின்னுதான் அடிச்சான். இனியாவது அங்கேயே நின்னு, தன் பேரையும் கோயில்பிள்ளை பேரையும் சொல்லி, அவன் சரி பண்ணட்டும்.”