பதினோராவது ஓட்டை

"அவன் தோள்ல ஒரு சின்ன ரத்தக்கட்டுகூட இல்ல மேடம். எனக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

ஏட்டு தவமணி சட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினான். வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் ஜெயசீலி பார்த்தார். ஆயுதப்படையின் சுடுதளத்தில் அவர்தான் பயிற்சியாளர். தவமணியைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் உடனே விளங்கிவிடாது.

தவமணி 'அவன்' என்றது பூதலிங்கத்தை. அவனும் ஏட்டு. இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே படை, ஒரே மெஸ்.

குறிபார்க்கும் ஸ்கோப் வைத்த ரைபிள் பிரிவில் மாநிலப் போட்டிக்கு இந்தப் படையிலிருந்து ஒரே ஆள்தான் போகலாம். பூதலிங்கம் மூன்று முறை போய்வந்துவிட்டான். தவமணி ஒரு முறைகூடப் போனதில்லை. நாற்பத்தைந்து வயதானால் பேரே எடுக்கமாட்டார்கள். வருகிற மாசியில் தவமணிக்கு நாற்பத்தைந்து.

இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

"சுடும்போது எங்க பாத்தீங்க ஏட்டய்யா?" என்று ஜெயசீலி கேட்டார்.

"குறியத்தான் மேடம். வேற எங்க பாப்பேன்?"

ஜெயசீலி மருந்துப் பெட்டியிலிருந்து தைல டப்பாவை எடுத்து நீட்டினார்.

"கழுத்துல தடவிக்கோங்க. இடது பக்கம்."

"வலி தோள்ல மேடம்."

"தெரியுது."

"கழுத்துக்கு ஒண்ணும் இல்லயே?"

"திரும்புனது அதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சுடுவதற்குத் தவமணி எப்போதும் ஐந்தாம் எண் பாயில்தான் படுப்பான். அவனுக்கு இடது பக்கம், நாலாம் எண் பாயில், பூதலிங்கம். நாலில் வெடிச் சத்தம் கேட்டால் போதும், ஐந்தில் தலை திரும்பும். தலை திரும்பினால் தோள் விலகும். விலகின தோளில் துப்பாக்கி உதைத்தால் கத்தரிக்காய்தான்.

இது தவமணிக்குத் தெரியாது. தளத்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும்.

அவன் தைலத்தைத் தோளில் தடவிக்கொண்டான்.

*

அடுத்த வாரம் ஒரு காலித் தோட்டா காணாமல் போனது.

பத்து ரவுண்டு வாங்கினவன் பத்துக் காலித் தோட்டாவைத் திருப்பித் தரவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒருவரும் சாப்பிடப் போகமுடியாது. அன்று பூதலிங்கத்திடம் ஒன்பதுதான் இருந்தது.

படை முழுக்கப் புல்லில் மண்டியிட்டுத் தேடியது. வெயில் உச்சிக்கு வந்தது. மெஸ்ஸிலிருந்து சாம்பார் வாசம் வேறு வந்து எல்லாரையும் படுத்தியது.

எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியவன் தவமணி. ஆவாரஞ்செடியைக்கூட விலக்கிப் பார்த்தான்.

அரை மணி நேரம் கழித்து ஜெயசீலி அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டய்யா, சட்டைய உதறுங்க."

"எதுக்கு மேடம்?"

"உதறுங்க."

தவமணி எழுந்து, சட்டையின் அடிப்பக்கத்தை வெளியே இழுத்து உதறினான். பித்தளைத் தோட்டா ஒன்று அவன் பூட்ஸ் மேல் விழுந்து உருண்டது.

பூதலிங்கத்தின் துப்பாக்கியிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தெறித்த தோட்டா. நேராக இவன் காலருக்குள் விழுந்து, பிடரியைச் சுட்டு, பனியனுக்குள் இறங்கியிருந்தது. இவன் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டான். தோட்டா எப்படி அவ்வளவு தூரம் வந்தது என்று யாராவது கேட்டால்? நாலாம் எண் டார்கெட் நன்றாகத் தெரியவேண்டும் என்று பாயை ஒரு முழம் இடது பக்கம் நகர்த்திப் போட்டிருந்தது வெளியே வந்துவிடாதா?

"மாப்ள, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லடா!" என்றான் பூதலிங்கம்.

தளமே சிரித்தது. பூதலிங்கம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. தவமணியால் பொறுக்கமுடியாதது அதுதான்.

கூட்டம் சாப்பிடப் போனதும் ஜெயசீலி மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

"சுடும்போது எங்க பாத்தீங்க?"

"குறியத்தான் மேடம்."

அவர் களிம்பை எடுத்து நீட்டினார்.

"முழங்கையில போடுங்க."

"சுட்டது பிடரியில மேடம்."

"பாய நகத்துனது முழங்கை."

*

தவமணிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாகத் தளத்தில் நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"பூதலிங்கத்துக்குத் தனியா என்ன சொல்லிக் குடுத்தீங்க? அதையே எனக்கும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"அவர்கிட்டயே கேளுங்க."

தவமணி மெஸ்ஸுக்குப் போனான். பூதலிங்கம் முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"மேடம் ஒனக்கு என்னடா சொல்லிக் குடுத்தாங்க?"

"எனக்கா? மூச்ச விடச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"திரும்ப இழுக்கச் சொன்னாங்க."

"வெளையாடாத. சுடும்போது மனசுல என்ன நெனப்ப?"

பூதலிங்கம் உண்மையாகவே யோசித்தான்.

"இன்னைக்கு மெஸ்ல என்ன கொழம்புன்னு நெனப்பேன் மாப்ள."

இருபத்திரண்டு வருடம் ஒன்றாகச் சோறு தின்றவன் மறைக்கிறானே என்று தவமணிக்கு வயிறு எரிந்தது. சாப்பிடாமல் எழுந்து போனான். பூதலிங்கம் இரண்டாவது முட்டையை அவனுக்காக உரித்து வைத்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் அவனே தின்றான்.

ஜெயசீலி தளத்தில் காத்திருந்தார்.

"என்ன சொன்னார்?"

"மறைக்கிறான் மேடம்."

ஜெயசீலி ஐந்தாம் எண் பாயைச் சுருட்டினார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தளத்தின் அந்தக் கோடியில், ஒன்றாம் எண்ணில் விரித்தார். அதற்கு இடது பக்கம் வெறும் மண்சுவர். வலது பக்கம் இரண்டும் மூன்றும் காலி.

"ஒரு வாரம் இங்க சுடுங்க" என்றார்.

ஒரு வாரம் சுட்டான். தோள் கன்றவில்லை. பிடரி சுடவில்லை. வெள்ளிக்கிழமை, டார்கெட்டுக்கு அடியில் குழிக்குள் இருக்கும் ஆட்கள் அவன் தாளைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். பத்து ஓட்டையையும் ஒரு தோசைக் கரண்டியால் மூடிவிடலாம். பூதலிங்கம் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

சனிக்கிழமை தவமணி ஜெயசீலி முன்னால் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்ன ஏட்டய்யா? காயமா?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"அங்க படுத்தா அவன் எத்தன போட்டான்னு தெரிய மாட்டேங்குது. நான் நல்லா சுட்டேனா இல்லையான்னே புரியல. என்ன அஞ்சுக்கே போட்டுருங்க மேடம்."

ஜெயசீலியே போய்ப் பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து ஐந்தாம் எண்ணில் விரித்தார்.

*

தேர்வு நாள் வந்தது.

டி.எஸ்.பி. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்குப் பத்து ரவுண்டு, நூற்றுக்கு மார்க். முதல் அணியில் சுட்ட இன்னாசி என்பவன் தொண்ணூற்றிரண்டு எடுத்திருந்தான். இனி வருகிறவன் அதைத் தாண்டவேண்டும்.

இரண்டாவது அணியில் நாலில் பூதலிங்கம், ஐந்தில் தவமணி.

தவமணிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை சுட்டதும், காலித் தோட்டா வெளியே விழப் போல்டைத் திறந்துவிட்டு, துப்பாக்கியை லேசாக இடது பக்கம் நகர்த்தி, தன் ஸ்கோப் வழியாகவே நாலாம் எண் தாளைப் பார்ப்பான். பார்த்துவிட்டுத் திரும்பத் தன் தாளுக்கு வருவான்.

ஒன்பது ரவுண்டு அப்படியே போனது. தவமணி எண்பத்து நாலு, பூதலிங்கம் எண்பத்து மூன்று. தவமணி மனசுக்குள் இரண்டு கணக்கையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தான்.

இன்னும் ஒரே ரவுண்டு. ஒன்பது விழுந்தாலே இன்னாசியைத் தாண்டிவிடலாம்.

நாலில் வெடித்தது. பூதலிங்கம் தன் பத்தாவதைச் சுட்டுவிட்டான்.

தவமணி ஸ்கோப்பை நாலுக்கு நகர்த்தினான். புது ஓட்டையைத் தேடினான். கண்டுபிடித்தான்.

ஏழு.

ஏழு! தவமணியின் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் அனுபவித்ததில்லை. மூச்சு தானாகவே அடங்கியது. ஸ்கோப்புக்குள் கறுப்பு வட்டம் அசையாமல் நின்றது.

"இன்னும் முப்பது செகண்ட்!" என்று கத்தி விசில் ஊதினார்கள்.

அவன் போல்டைத் தள்ளி மூடினான். வட்டத்தின் நடுவை விட்டுக் கண்ணை எடுக்காமல் விசையை அழுத்தினான்.

துப்பாக்கி உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு அவன் புருவத்தில் வந்து அடித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அவன் துடைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான். குண்டு எங்கே போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதைவிட நல்ல குண்டு அவன் சுட்டதே இல்லை.

குழியிலிருந்து வாக்கி டாக்கியில் குரல் வந்தது.

"அஞ்சுல ஒன்பது ஓட்டை சார்."

அதே குரல் மறுபடி வந்தது.

"நாலுல பதினொண்ணு."

தளத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

*

டி.எஸ்.பி. மேஜைமேல் நாலாம் எண் தாளை விரித்தார்கள். பதினோரு ஓட்டை. நட்ட நடுவில் ஒன்று, காம்பஸ் முள் குத்தின மாதிரி.

"விதி தெரியும்ல?" என்றார் டி.எஸ்.பி. "அடுத்தவன் தாள்ல சுட்டா சுட்டவனுக்கு முட்டை. யார் குண்டு எதுன்னு பிரிக்க முடியலன்னா, தாளுக்கு உரியவனுக்கு இருக்கறதுலயே நல்ல பத்து ஓட்டை."

பூதலிங்கத்தின் ஏழு தள்ளுபடியானது. அதற்குப் பதிலாக நட்ட நடுப் பத்து ஏறியது. தொண்ணூறு வாங்க வேண்டியவன் தொண்ணூற்று மூன்று வாங்கினான். இன்னாசியைவிட ஒன்று அதிகம்.

"ஐயா, அந்த நடு ஓட்டை என்னுது இல்லைங்கய்யா" என்றான் பூதலிங்கம்.

"எப்பிடிச் சொல்றே?"

"எனக்கு அவ்வளவு நல்லா சுட வராதுங்கய்யா. அது தவமணி குண்டு. போன வெள்ளிக்கெழம ஒண்ணாம் நம்பர்ல அவன் தாளப் பாத்தேன். அதே கை. என்னைவிட அவன்தான்யா நல்லா சுடுவான். நான் எப்பவுமே சொல்றதுதான்."

"ஓட்டையில பேரா எழுதியிருக்கு? போய்யா" என்றார் டி.எஸ்.பி. போட்டிக்குப் போகிறவர் பெயர் என்ற இடத்தில் பூதலிங்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பூதலிங்கம் தவமணி பக்கம் திரும்பினான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தவமணியின் கையில் வைத்துவிட்டு விலகிப் போனான்.

தவமணி நடந்து போய் ஐந்தாம் எண் பாயில் உட்கார்ந்தான். சாம்பார் வாசம் வந்தது. ஒவ்வொருவராக மெஸ்ஸுக்குப் போனார்கள். எதிரே மண்மேட்டில் ஆறு எண் பலகைகள் வரிசையாக நின்றன. ஐந்தின் கீழே அவன் தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற யாரும் வரவில்லை.

ஜெயசீலி மருந்துப் பெட்டியோடு வந்து அவன் எதிரில் முழங்காலிட்டார்.

புருவத்தின் மேல் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. உடம்பு ஒரு பக்கமும் துப்பாக்கி ஒரு பக்கமும் இருந்து சுட்டவனுக்கு மட்டும் விழுகிற வெட்டு.

"அவன் எப்பவுமே சொல்வானாம் மேடம்" என்றான் தவமணி. "நான்தான் நல்லா சுடுவேன்னு. உங்ககிட்டயும் சொல்லியிருக்கானா?"

"மூணு வருசமா."

தவமணி கைக்குட்டையைப் பார்த்தான். அது சுத்தமாகவே இருந்தது. அவன் அதை இன்னும் உபயோகிக்கவில்லை.

ஜெயசீலி பெட்டியைத் திறந்தார். பஞ்சை எடுத்தார்.

"சுடும்போது எங்க பாத்தீங்க ஏட்டய்யா?"

தவமணி வாயைத் திறந்தான். பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான்.

"நாலை, மேடம்."

"எப்ப இருந்து?"

"வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து."

ஜெயசீலி பஞ்சை மருந்தில் நனைத்தார். இந்த முறை அதைக் காயத்தின் மேலேயே வைத்தார்.