மண்பட்ட மரம்

ஓயாமல் மழை கொட்டும் ஒரு காட்டில், ஓடைக்கரை அத்திமரத்தில் மந்திக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அவை தரையில் கால் வைப்பதே இல்லை. "மண்பட்டவர் மரமேறக் கூடாது. மண்பட்டவரைத் தொட்டவரும் மண்பட்டவரே!" இது தலைவர் உச்சியார் வகுத்த விதி.

ஒருநாள் ஓடை கரைபுரண்டது. மரத்தடியில் வளை தோண்டியிருந்த வெள்ளெலி அலறியது.

"ஐயா, அம்மா! வளைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை!"

வேம்பி என்ற இளம் மந்தி துள்ளி எழுந்தது. "உச்சியாரே, கேட்கிறதா?"

நனையாத பொந்தில் சாய்ந்திருந்த உச்சியார் பழத்தைக் கடித்தார். "மழைச் சத்தம்தான் கேட்கிறது."

"எனக்கு நன்றாகக் கேட்கிறது!"

"அப்படியானால் காதைப் பொத்திக்கொள். பள்ளத்தில் போய் வளை தோண்ட யார் சொன்னது?"

"மேட்டில் தோண்டியபோது காய் எறிந்து விரட்டியது யாராம்? நாம்தானே!"

வேம்பிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. விறுவிறுவென்று இறங்கிச் சேற்றில் குதித்தது. குட்டிகளை வாரி மார்போடு அணைத்தது. தாய் வெள்ளெலி அதன் முதுகில் தொற்றிக்கொண்டது. வெள்ளம் இடுப்புவரை ஏறிவிட்டது.

வேம்பி மரத்தில் கை வைத்ததும் உச்சியார் சீறினார். "நில்! நீ மண்பட்டவள்!"

கிளைக்குக் கிளை மந்திகள் வழியை மறித்தன.

"எங்களை விட்டுவிடு, தாயே. உனக்கு ஏன் வம்பு?" என்று விம்மியது வெள்ளெலி.

"பேசாமல் கெட்டியாகப் பிடி!" என்று அதட்டிவிட்டு, வேம்பி மேலே பார்த்துக் கத்தியது.

"இந்த மரம் முளைத்த நாளிலிருந்து மண்ணுக்குள்தானே கால் ஊன்றி நிற்கிறது? இதைவிட மண்பட்டது காட்டில் உண்டா? அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிற நீங்களெல்லாம் யார்? இறங்குங்கள்! விதி விதிதானே? ஒருவர் விடாமல் இறங்குங்கள்!"

மந்திகள் தாம் பிடித்திருந்த கிளைகளைக் குனிந்து பார்த்தன.

உச்சியார் மரத்திலிருந்து ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மறித்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. வேம்பி நேரே பொந்துக்கு ஏறியது. அதன் மேலெல்லாம் சேறு சொட்டியது.

"நகருங்கள்."

உச்சியார் நகர்ந்தார்.

நீதி: உயரத்தில் வாழ்கிறவர், தம்மைத் தாங்கும் மண்ணை இழிவாகப் பேசலாகாது; கீழிருந்து அபயக்குரல் கேட்டால் இறங்கிச் செல்ல வேண்டும்.