மேஸ்திரி கொட்டிய முதல் சட்டி

கிட்ட வந்து உக்காருங்க, சொல்றேன். சித்தாள் வேம்பு, காங்கிரீட்டைக் குழாய் வழியா மாடிக்கு ஏத்துற பழைய பம்பு ஒண்ணு வாங்கித் தொழில் தொடங்கினாள். தலைச்சுமைக்கு ஆள் அனுப்புகிற மேஸ்திரி தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"மூணாம் மாடிக்கு ஏத்திக் காட்டு புள்ள. குழாய் அடைச்சுதுன்னா இந்த ஊர்ல நீ தொழிலே பண்ணக்கூடாது" என்றார். அடைக்கட்டுமென்று கலவையில் பெரிய ஜல்லியைப் போடவைத்ததும் அவர்தான்.

கலவை புரளும் சத்தத்திலேயே வேம்புவுக்கு விளங்கிவிட்டது. பம்பு வாயில் கம்பிச் சல்லடையை வைத்தாள்.

"முதல் சட்டி உங்க ராசியான கையால விழட்டும் மேஸ்திரி."

அந்த மாடி வீட்டைக் கட்டுகிற வீட்டுக்காரர் பார்க்க, மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு கொட்டினார். கலவை இறங்கியது. முட்டை முட்டையாய்க் கல் மட்டும் மேலே நின்றது.

"இதென்னய்யா கல்லு? யார் போட்டது?" என்றார் வீட்டுக்காரர்.

"இறங்கினதை என் மிஷின் ஏத்திடும். இதை நீங்க ஏத்துங்க" என்று அத்தனை கல்லையும் சட்டியில் அள்ளி, மேஸ்திரி தலையில் தூக்கி வைத்தாள் வேம்பு.