லபக்குப் பூதமும் செல்லக்கனி கிழங்கும்

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சு. இல்ல, தப்பு. அது எந்த ஊர்லயும் இருக்காது. வந்த ஊரை லபக்குன்னு முழுங்கிட்டு அடுத்த ஊருக்கு ஓடிரும். அதனால அதுக்குப் பேரே லபக்குப் பூதம். ஏட்டி, ம் சொல்லு, அப்பத்தான் கதை நடக்கும்.

"ம்."

வீடு, கெணறு, கோயில், ஆடு, மாடு, எல்லாம் ஒரே வாய்தான். மெல்லுததுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. இன்னைக்கு நீ தோசை தின்னியே, அதே மாதிரி. சிரிக்காத. அம்புட்டு முழுங்கியும் வயிறு காலியாவே கெடக்கும். ஒரு ஏப்பம்கூட வந்தது கெடையாது.

அப்புறம் ஓடி ஓடி, கடலோரத்துல ஒரு பழைய ஊருக்கு வந்து சேந்துச்சு. என் அம்மை பொறந்த ஊரு அது. ஒரு காலத்துல கப்பல் வந்த ஊராம். நான் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுன நாள்ல கப்பலும் இல்ல, கூட்டமும் இல்ல. பனையோலை சலசலன்னு ஆடும், தெருவுல மீன் காயும், மத்தியானம் ஆனா ஊரே ஒரு தூக்கம் போடும். சோறு கொதிக்குதா, கொதிக்கட்டும்னு பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாவ. அந்த உப்புக்காத்துக்கு எம் மனசு இப்பவும் ஏங்குது. சரி, பூதத்தை எங்க விட்டேன்?

"ஊருக்கு வந்துருச்சு."

ஆமா. வந்து நின்னு, "பசிக்குது! வயிறு நெறையச் சோறு போடுங்க. நெறையலைன்னா ஊரை முழுங்கிருவேன்!"னு கத்துச்சு.

அப்போ ஊர்ப் பெரியவரு அண்டா அண்டாவாச் சோறும் மீன்கொழம்பும் கொண்டாந்து வச்சாரு. லபக்! அண்டாவும் சேந்து போச்சு. "நெறையல!"

அப்புறம் தெருப் பொம்பளைய எல்லாரும் கூடி ஓலைக்கொழுக்கட்டை அவிச்சாவ. பச்சைப் பனையோலைக்குள்ள மாவும் கருப்பட்டியும் வச்சு வேகவிட்டா, மணம் தெருக்கோடி வரைக்கும் வரும். பூதம் ஓலையைப் பிரிச்சுதுன்னா நெனைக்க? லபக்! ஓலையோட போச்சு. "நெறையல! முழுங்கப் போறேன்!"

"ஐயோ!"

ஐயோதான். பூதத்துக்கு ஒண்ணும் போடாமப் பாக்கி இருந்தது கடைசி வீட்டுச் செல்லக்கனி மட்டும்தான். அவ மகளைப் பக்கத்து ஊர்ல கெட்டிக் குடுத்திருந்தா. அந்த ஊரைத்தான் பூதம் முந்தின நாள் முழுங்கிட்டு வந்துச்சு. அழுது அழுது முகம் வீங்கிக் கெடக்கு. ஆனாலும் மகளுக்குப் பிடிக்குமேன்னு பனங்கிழங்கு அவிச்சு, ஒண்ணை உரிச்சுத் தனியா எடுத்து வச்சிருக்கா. பெத்த மனசு கேக்குமா?

பூதம் அவ வாசலுக்கு வந்து, பானைக்குள்ள கையை விட்டு, ஒரு பிடிக் கிழங்கை அள்ளி... லபக்!

போகுமா? நாருள்ள சாமான். தொண்டையில மாட்டிக்கிட்டு. கர்ர்ர்... கொர்ர்ர்... கண்ணு பிதுங்குது. சாகட்டும்னு அவ விட்டிருக்கலாம். ஆனா வாசல்ல ஒருத்தருக்குப் புரையேறுனா அந்த ஊர்ல கை சும்மா இருக்காதுட்டி. எட்டி அது தலையில தட்டுனா. தட்டி, வழக்கம்போல, "யாரோ உன்னைய நெனைக்காவ"ன்னா.

கிழங்கு பொத்துன்னு வெளிய விழுந்துச்சு. பூதம் முழிச்சுது. "என்னையா? என்னைய யாரு நெனைப்பா?"

"நான்தான். நேத்துல இருந்து உன்னையத்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். எம் மகளை முழுங்கிட்டயே, பாவி."

பூதம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துச்சு. மொதமொதல்ல அன்னைக்குத்தான் அது ஒரு எடத்துல உக்காந்துச்சு.

செல்லக்கனி ஒரு கிழங்கை எடுத்தா. தோலை உரிச்சா, நாரை இழுத்தா, ரெண்டாப் பிளந்து ஒரு பாதியை அது கையில வச்சா. "மெல்லு."

கறக்... முறக்... "உப்பா இருக்கு."

"இன்னும் மெல்லு."

கறக்... முறக்... கறக்... முறக்... "ஏ, இனிக்குது!"

அவசரமே இல்ல. பொழுது சாஞ்சு, வெளக்கு வச்சாச்சு. மத்தப் பாதியும் முடிஞ்சுது. அப்போ பூதம் வயித்தைத் தடவுச்சு. நெறைஞ்சிட்டு! வயிறு நெறைஞ்சா என்ன வரும்?

"...ஏப்பம்."

ஏஏஏஏவ்வ்வ்! அந்த ஏப்பத்தோட அண்டா வந்து விழுந்துச்சு, கொழுக்கட்டை ஓலை பிரியாம வந்துச்சு, ஆடு வந்துச்சு, கோயில் வந்துச்சு, ஊரு ஊரா வந்துச்சு. மெல்லாம முழுங்குனதுதானே, எல்லாம் முழுசாவே உள்ள கெடந்திருக்கு. கடைசியில தலையெல்லாம் கலைஞ்சு மக வந்து நின்னா. "அம்மை, எனக்குக் கிழங்கு வச்சிருக்கியா?"

செல்லக்கனி எடுத்து வச்சதை நீட்டுனா. இன்னொரு கையால மக தலையைக் கோதி விட்டா.

அப்புறம் பூதம் அந்தக் கடற்கரையிலேயே தங்கிட்டு. ராத்திரி அலைச் சத்தம் கேட்டா, பூதம் கிழங்கு மெல்லுதுன்னு என் அம்மை சொல்லுவா. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் தூங்குவேன். இங்க எங்க, பஸ்ஸு சத்தம்தான்.

ம் சொல்லு.

சொல்லலியா? சரி, கதையும் செரிச்சுது, கண்ணும் சொருகிட்டு, தூங்கு. உனக்கும் ஒரு கிழங்கு உரிச்சு எடுத்து வச்சிருக்கேன்.